பதினேழு வரை எண்ணினேன்

டிரிக்லாவ் ஏரிகளுக்குப் பக்கத்தில் அந்த மலைவிடுதி.
ஓர் அறை, ஒரு சன்னல், பதினான்கு கட்டில்கள்.
கீழே அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில்
எல்லோருடைய காலுறைகளும் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தார்கள்.
ஒன்பது நாற்பதுக்கு
எதிர்க் கட்டிலில் ஒருவர்
கல்தரையில் இரும்புப் பெட்டியை இழுக்கத் தொடங்கினார்.

மாரிபோரிலிருந்து வந்த பல் மருத்துவர்
தலையணைக்கு அடியில் தலையைக் கொடுத்தார்.
மேல் கட்டில் பையன்
குதிரையை நிறுத்துகிறவன் போல நாக்கைச் சொடுக்கினான்.
யாரோ செருப்பை வீசினார்கள்.
குறி தப்பி என்மேல் விழுந்தது.

பிறகு சட்டென நின்றது.
"கடவுள் இருக்கிறார்" என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள்.
போர்வைகள் இழுபடும் சத்தம், கொட்டாவி.

நான் எண்ணினேன்.
ஐந்து.
எட்டு.
கம்பளி மேடு அசையவில்லை.
பன்னிரண்டு.
தொண்டைக்குள் கதவு சாத்திக்கொண்டது
தூங்குகிறவருக்குத் தெரியாது.
இதயத்துக்குத் தெரியும்,
அது இருட்டில் நின்று ஓங்கி ஓங்கித் தட்டும்.
பதினேழில்
கிணற்றுக்குள்ளிருந்து தலை தூக்குகிறவர் போல
ஒரு பெரிய இழுப்பு.
மறுபடி பெட்டி, கல்தரை,
அறை முழுக்க வசவு.
எனக்கு மட்டும் அது நல்ல செய்தி.

ராடோவுக்கும் இப்படித்தான், நின்று நின்று வரும்.
நின்றபோதெல்லாம் நான் என்ன செய்தேன்?
அப்பாடா என்று புரண்டு படுத்தேன்.
அடுத்த இழுப்பு வருவதற்குள்
ஓடிப்போய்த் தூங்கிவிடுவதில் நான் கெட்டிக்காரி.
அவருடைய அழுத்த மாத்திரை ஒன்று, மூன்றானது.
காலையில் தலைவலி.
தபால் அலுவலக வரிசையில் நின்றபடியே தூங்கினார்.
வயசு என்றோம்.
குறட்டை விடுகிறவர்தானே நன்றாகத் தூங்குகிறார் என்றோம்.
ஒரு மார்ச் விடியலில்
காப்பிக் கோப்பையைப் பிடித்திருப்பதை
இடது கை மறந்துபோனது.
அதற்கடுத்த வருடம் மொத்த உடம்பும்.

"இரவில் மூச்சு நின்று நின்று வருமா?"
என்று கேட்டார் மருத்துவர்.
முப்பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்தவளிடம்
பதில் இருந்தது.
அதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு இருபத்து மூன்று வரை போனது.
மலையேறும் கோலை நீட்டி
முன்பின் தெரியாத மனிதரை விலாவில் குத்தினேன்.
"யாரது, கரடியா?"
"இல்லை, ஸ்தென்கா. பக்கவாட்டில் படுங்கள்."
சொன்னபடி திரும்பிப் படுத்தார்.
மூச்சு கொஞ்ச நேரம் வெறும் மூச்சாக இருந்தது.
பதினொரு முறை குத்தினேன்.

காலையில் விலாவைத் தடவிக்கொண்டு
என் மேசைக்கு வந்தார் போகோமிர்.
எழுபத்தொன்று.
யெசெனிட்ஸெ இரும்பாலையில் வேலை பார்த்தவர்.
நேற்று மூன்று கிண்ணம் பிளம் சாராயமாம்,
உயரத்துக்கு நல்லதாம்.
"என் சத்தம் தாங்காமல் மனைவி
வேறு அறைக்குப் போய் ஒன்பது வருடம்!"
கொஞ்சம் பெருமை கூட இருந்தது குரலில்.
"அப்படியானால்
உங்களை யார் எண்ணுகிறார்கள்?"

தேநீரில் சர்க்கரை கரைந்த பிறகும்
அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.

விடுதி ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
17. 23. பதினொரு முறை.
"மருத்துவரிடம் காட்டுங்கள்."
மடித்துத் தொப்பிக்குள் வைத்தார்.
காட்டினாரோ, காற்றில் போனதோ.
நாற்பது அடிக்கு ஒருமுறை நின்று
மலையை ரசிப்பது போல மூச்சு வாங்கியபடி
வளைவில் மறைந்தார்.

நான் பல் மருத்துவரோடு கீழே இறங்கினேன்.
ஏரிக்கரையில் அவர் தயங்கினார்:
"தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.
விடியுமுன் கொஞ்சம் கண்ணயர்ந்தீர்களே,
அப்போது நீங்களும்..."

"நடுவில் நின்றதா?" என்றேன்.
"நின்றது. நிம்மதியாக இருந்தது."
"எவ்வளவு நேரம்?"

அவர் எண்ணியிருக்கவில்லை.